ஆளில்லாமல் ஊர்ந்த வண்டி

மார்லிஸ் ஃபோஸுக்கு அறுபத்தைந்து வயது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து வடகோடியில், காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லாத மேட்டின்மேல் அவள் வீடு இருந்தது. காலையில் முதற்கோப்பைக் காப்பியை யாருடனும் பேசாமல் குடிப்பாள். இரண்டாவது கோப்பையைச் சமையலறைச் சன்னலருகே நின்றுகொண்டு குடிப்பாள். அந்தச் சன்னலின் வழியே மாடுகளைப் பார்ப்பது அவளது வழக்கம். எண்ணமாட்டாள், முகம் பார்ப்பாள். எது கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறது, எது முதுகை வளைக்கிறது என்பதெல்லாம் பாத்திரங்களைக் கழுவி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். கணவன் ஆர்லன் வந்து பூட்சைக் கழற்றும்போதே, "அந்த ஒத்தக் காதுக்காரி சரியில்ல, போய்ப் பாரு" என்பாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொறக்கும்போதே உங்கம்மா உனக்குத் தொலைநோக்கி வாங்கிக் குடுத்தாங்களா" என்பான். சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதற்கு அவனுடைய மொழியில் அதுவே சான்று.

குளிர்காலத்தில் மாடுகளுக்குப் புல் போடுவது இருவர் செய்யும் வேலை. ஒருவர் பிக்கப் வண்டியை நடைவேகத்தில் ஓட்டவேண்டும். மற்றவர் பின்தட்டில் நின்று, கட்டுகளின் கயிற்றை அறுத்து, உலர்ந்த புல்லைப் பனியின்மேல் தள்ளிக்கொண்டே வரவேண்டும். மணமான முதற் குளிர்காலத்திலிருந்தே மார்லிஸ் ஓட்டினாள், ஆர்லன் தள்ளினான். சென்ற இலையுதிர்காலத்தில் அவளுடைய இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அதன்பின் அவளால் நடக்க முடிந்தது. படியேற முடிந்தது என்று சொல்வதற்கில்லை. இறுக்கமான கிளட்சை நாளெல்லாம் மிதிக்க அறவே முடியவில்லை.

"நீ வீட்டுக்குள்ள சூடா இரு. நான் ஆளில்லாமயே ஓட்டிக்கிறேன்" என்றான் ஆர்லன்.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. தனி ஆளாய்ப் பண்ணையைப் பார்ப்போர் பலரும் செய்வதுதான். நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி குட்டை லீவரைத் தள்ளி, எல்லாவற்றினும் தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டால், எவரும் மிதிக்காமலேயே வண்டி ஊர்ந்து போகும். ஸ்டியரிங்கைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, அதன் மேல்விளிம்பை ஒரு ரப்பர்ப் பட்டையால் இடப்பக்கத்து ஓட்டுநர் கதவின் உட்கைப்பிடியோடு கட்டிவிடுவார்கள். வண்டி தன்போக்கில் மேய்ச்சல் நிலத்தில் பெரிய வட்டம் ஒன்றைப் போடும். ஓட்டியவர் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பின்தட்டில் ஏறிக்கொண்டு புல்லைத் தள்ளுவார். வேலை முடிந்ததும் மறுபடியும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார். ஆர்லன் அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் செய்து வந்தான். மார்லிஸ் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனவரிக் கடைசியில், புல்லேற்றி நின்ற அவர்களது பழைய வண்டியின் அடிச்சட்டம் துருவேறி நடுவில் முறிந்து போயிற்று. வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. ஆர்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு, "வா, கோர்டிகிட்டப் போவோம்" என்றான்.

கோர்டி ரிங்டால் ஊரில் பழைய வண்டிகளை வாங்கி விற்பவன். ஆர்லனோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"ஏம்ப்பா ஆர்லன், போன தடவ நீ என்கிட்ட வண்டி வாங்கினப்ப என் தலையில முடி இருந்துச்சு" என்று வரவேற்றான் கோர்டி.

"உன் முடிய விட அந்த வண்டி ரொம்ப நாள் ஒழைச்சுதுப்பா. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

பனியை ஒதுக்கிய முற்றத்தில், பண்ணை வேலைக்கு ஆகும் வண்டிகளாக இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை நிறம்; தட்டையான இரும்புப் பின்தட்டு வைத்த பழைய டீசல்; கையால் கியர் மாற்றுவது. மற்றொன்று நீலம், அதைவிடப் புதியது, கியரைத் தானே மாற்றிக்கொள்வது.

ஆர்லன் ஓர் அட்டையை விரித்து, வெள்ளை வண்டியின் அடியில் மல்லாந்து படுத்தான். சட்டத்தை நெடுக ஸ்பேனரால் தட்டித் தட்டி ஓசை கேட்டான். முன்னச்சின் மூட்டுகளில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். எழுந்து ஏறி, குட்டை லீவரைத் தள்ளி, தாழ்ந்த கியரைப் போட்டு, வண்டியை ஊரவிட்டு இறங்கி, நாயோடு நடப்பதுபோல் அதனருகே நடந்தான். வண்டி முற்றத்தின் ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டை முட்டியது. பழைய வண்டியானால் அங்கே இருமி அணைந்திருக்கும். இதுவோ சற்றே மூக்கைத் தூக்கி, அதே நிதானத்தில் மேட்டின்மேல் ஏறத் தொடங்கியது. கோர்டி ஓடிப்போய்த் தாவி ஏறி அணைத்தான்.

"பாத்தியா? குதிர கூட எங்கயாவது நிக்கும். இது எதுக்கும் நிக்காது" என்றான், மூச்சிரைக்க.

"இதுதான் வேணும் எனக்கு. நீலம் என்ன பண்ணும்?"

"அது படிச்ச வண்டிப்பா. பெல்ட்டக் கழட்டிக் கதவத் தொறந்தா தானா நின்னுக்கும். சீட்ல ஆள் இல்லாம ஓரடி நகராது."

"அப்ப எனக்கு ஆகாது. வேலைக்கு வெச்ச ஆள நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற கதையா இருக்கு."

இந்தப் பேச்சு நடக்கும்போது மார்லிஸ் நீல வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். ஏறுவதற்குத் தாழ்வான படி ஒன்று இருந்தது, ஏறிவிட்டாள். கீழே கிளட்ச் இல்லை, இரண்டே மிதிகள். இரண்டுக்கும் வலக்கால் போதும். இடக்காலை நீட்டி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு மார்லிஸ்?" என்று கோர்டி குரல் கொடுத்தான்.

"உள்ள சூடா இருக்கு" என்றாள்.

"அங்க ஒக்காந்து குளிர் காயாத, இங்க வந்து இதோட சட்டத்தப் பாரு. சர்ச்சுக் கூரைய இது மேல கட்டலாம்" என்றான் ஆர்லன். அவள் இறங்கி வந்து பார்த்தாள். நல்ல சட்டம்தான்.

வாங்குவதற்குமுன் வண்டியைக் கொண்டுபோய்ச் சில நாள் புல் போட்டுப் பார்க்கும்படி விடுவது கோர்டியின் வழக்கம். வெள்ளை வண்டி அன்றே பண்ணைக்கு வந்தது.

மறுநாட்காலை வானம் தெளிந்திருந்தது. குளிர் மூக்கு மயிரை உறையச் செய்தது. ஆர்லன் பழைய ரப்பர்ப் பட்டையையே புதிய வண்டியில் கட்டினான். வண்டி ஊர்ந்தது. அவன் பின்தட்டில் நின்று முதற்கட்டை அறுப்பதையும், மாடுகள் வரிசையாகப் பின்தொடர்வதையும் மார்லிஸ் பார்த்தாள். வட்டம் பழையதைவிடச் சிறியதாக இருந்தது. இந்த வண்டியின் ஸ்டியரிங் எளிதில் திரும்புகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது மாடுகள் வண்டியின் பின்னால் இல்லை.

அவள் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். மாடுகள் ஓரிடத்தில் குவிந்து நின்று தின்றுகொண்டிருந்தன. வண்டி அவற்றைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. பின்தட்டில் கட்டுகள் இருந்தன, ஆள் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் வானம் தெரிந்தது. அங்கும் ஆள் இல்லை. மாடுகளின் கால்களுக்கு இடையே, பனியின்மேல், பழுப்பு நிறத்தில் ஒன்று கிடந்தது. ஆர்லனின் மேலங்கி பழுப்பு நிறம்.

அவள் கூவவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். அந்த நேரத்தில் தான் ஏன் கையைத் துடைத்தாள் என்பது பின்னர் எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. ஊன்றுகோலை எடுத்தாளா என்பதும் நினைவில்லை. அடுத்து நினைவில் இருப்பது, வீட்டுக்குள் போடும் செருப்போடு பனியில் நடந்துகொண்டிருந்ததுதான்.

மேட்டிலிருந்து இறங்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வண்டி ஒரு சுற்றை முடித்து, தான் முன்னே போட்ட தடத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தத் தடம் நேரே மாடுகளிடம் போயிற்று. அந்தத் தடத்தின் குழியில்தான் ஆர்லன் கிடந்தான்.

"எந்திரி" என்றாள். அவ்வளவு தொலைவிலிருந்து அவனுக்குக் கேட்டிராது. அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை.

அவன் முழங்கையை ஊன்றி எழ முயன்றதைப் பார்த்தாள். வலக்கால் அவனோடு வரவில்லை. தப்பான திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கட்டிலிருந்து அறுத்த கயிறு காலில் சுற்றி இழுத்து அவனைத் தள்ளியது என்பதும், வண்டி சிறிது தூரம் அவனை இழுத்துக்கொண்டு போனபின் கயிறு அறுந்தது என்பதும் பிறகு தெரிந்தவை. அப்போது தெரிந்தது ஒன்றே: குழியின் இருபுறமும் பனி முழங்காலளவு இறுகி நின்றது, அதன்மேல் அவனால் புரண்டு ஏற முடியவில்லை. இருமுறை முயன்று, இருமுறையும் குழியிலேயே சரிந்தான். மாடுகள் அவன் தலையருகே நின்று புல் தின்றுகொண்டிருந்தன.

வண்டிக்கு அவசரம் ஏதும் இல்லை. ஓடிவரும் வண்டியாக இருந்திருந்தால் ஒருவேளை அவளுக்கு இவ்வளவு கொடுமையாகத் தோன்றியிராது. அது நடந்து வந்தது. நின்று பேசிவிட்டு வரலாம் போன்ற வேகத்தில், ஒரே சீராக முனகிக்கொண்டு வந்தது. அதை நிறுத்தத் தனக்கு நேரம் இருக்கிறது என்பதை மார்லிஸ் கண்டாள். நேரம் இருந்தும் வழி இல்லை என்பதை அதன்பின் கண்டாள்.

வட்டத்தின் குறுக்கே நடந்து, ஓட்டுநர் பக்கமாக வண்டியை எட்டிப் பிடித்தாள். அதனோடு நடந்தாள். ஏறும் படி அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. வலக்காலைத் தூக்கினால் உடலைத் தாங்க இடக்கால் போதவில்லை. இடக்காலைத் தூக்க முயன்றாள், அது தரையைவிட்டு ஒரு சாண்கூட எழவில்லை. தன் வாழ்நாளில் பாதியை இப்படிப்பட்ட இருக்கையில் உட்கார்ந்து கழித்தவள் அவள். எந்த மிதியை மிதித்தால் இது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மிதி கதவுக்கு அப்பால், அவள் இடுப்புயரத்தில் இருந்தது. அவளால் ஏற முடியவில்லை.

முன்னே ஆர்லன் தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"விட்டுட்டுத் தள்ளிப் போ, மார்லிஸ்" என்றான். சாதாரணமாகச் சொன்னான், வாயிற்கதவைச் சாத்தச் சொல்வதுபோல.

அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். கதவு திறந்தது. கட்டியிருந்த பட்டையைக் கதவு தன்னோடு இழுத்தது. பட்டை ஸ்டியரிங்கை இழுத்தது. முன்சக்கரங்கள் இன்னும் அதிகமாக இடப்பக்கம் திரும்பின. அவள் இதை எண்ணிச் செய்யவில்லை. சாவியை எட்ட முடியுமா என்று பார்க்கவே திறந்தாள். கதவின் விளிம்பு மார்பில் மோத, அவள் பின்புறமாகப் பனியில் விழுந்தாள். அவள் பாதங்களை ஒட்டியபடி வண்டி தடத்தைவிட்டு ஏறி, இறுகிய பனியை நொறுக்கிக்கொண்டு, வட்டத்தின் உட்புறமாகத் திரும்பிப் போயிற்று. ஆர்லனுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு மாடு படுக்கும் அளவு இடைவெளி இருந்தது. பின்சக்கரமும் அவனைத் தொடாமல் போயிற்று.

அவள் தவழ்ந்து அவனிடம் போனாள். அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"எங்க அடிச்சுது?" என்றாள்.

"கால் போச்சு. மத்ததெல்லாம் இருக்கு. உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் ஃபோன் எங்க?"

அவன் விரலால் காட்டினான். ஃபோன் வண்டிக்குள், முன்கண்ணாடியின் கீழே இருந்தது. வண்டி கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, இப்போது கல்லெறி தூரத்தில், ஒரு களஞ்சியத்தின் சுற்றளவே உள்ள சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு ஆடும்போதெல்லாம் வட்டம் சற்று விரிந்தது, சற்றுக் குறுகியது. எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

மேலங்கியின் கழுத்தைப் பற்றி, அவனை அங்குலம் அங்குலமாகக் குழியிலிருந்து வெளியே இழுத்து, மாடுகள் தின்றுகொண்டிருந்த புற்குவியலின் மறுபக்கத்தில் கிடத்தினாள். ஃபோனில் உதவி கேட்க வேண்டுமானால் வீட்டுக்குப் போகவேண்டும். அவனை இந்த வண்டியோடு விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"கண்ண மூடாத. அதையே பாத்துக்கிட்டு இரு. இந்தப் பக்கம் வந்தா புல்லுக்குள்ள உருண்டுடு" என்றாள்.

"ஓடிப்போய் எங்க ஒளியப் போறேன்? போய்ட்டு வா."

அவள் மேடேறிப் போய் ஆம்புலன்சுக்குப் பேசிவிட்டு, கம்பளிகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பாதிவழியில் நின்று, வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அது தன் சிறு வட்டத்திலேயே இருந்தது. அவள் வந்து அவனைப் போர்த்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் தடத்தில் பனி தீர்ந்து, புல் தீர்ந்து, கறுப்பு மண் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஆம்புலன்சில் வருவோர் சம்பளத்துக்கு வருபவர்கள் அல்லர். கடையையோ வகுப்பையோ அப்படியே விட்டுவிட்டு வருபவர்கள். அன்று முறை கோர்டியுடையது. முதலுதவிப் பெட்டியோடு குதித்து இறங்கியவன், ஆளின்றிச் சுற்றும் வெள்ளை வண்டியைக் கண்டு அசைவற்று நின்றான். அவன் வாய் சற்றே திறந்திருந்தது.

"மொதல்ல அத அணைச்சுட்டு வாப்பா. டீசல் வீணாப் போகுது" என்றான் கம்பளிக்குள்ளிருந்து ஆர்லன்.

கோர்டி ஓடித் தாவி ஏறி அணைத்தான். அந்த ஓசை நின்ற பிறகே மார்லிஸ் ஆர்லனின் தலையை மடியிலிருந்து கம்பளியின்மேல் இறக்கிவைத்தாள். கோர்டி திரும்பி வந்து ஆர்லனின் காலுக்குப் பலகை வைத்துக் கட்டினான்.

மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்து, தொடைவரை கட்டுப் போட்டார்கள். வசந்தம்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார்கள். மாலையில் ஆர்லன் தலையணையில் சாய்ந்து, உறிஞ்சுகுழாயால் ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் கட்டிலருகே நாற்காலியில் இருந்தாள். யாரோ தந்த மருத்துவமனைக் காலுறைகளை அணிந்திருந்தாள். கோர்டி கதவருகே தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு அத எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான். "உங்ககிட்ட நான் அத விட்டிருக்கவே கூடாது. நிக்காது நிக்காதுன்னு நான்தான் பீத்திக்கிட்டேன்."

"வண்டி மேல குத்தம் சொல்லாத" என்றான் ஆர்லன். "பட்டைதான் குட்ட. பழசுக்குச் சரியா இருந்தது, இதுக்கு இழுத்துப் புடிச்சுடுச்சு. அடுத்த தடவ கொஞ்சம் நீளமாக் கட்டினா வட்டம் பெருசா வரும். அவ்வளவுதான் விஷயம்."

மார்லிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். ஆயினும் கண்கள் தெளிவாகவே இருந்தன. வசந்தத்தில் கால் கூடியதும் எழுந்துபோய், நீளமான பட்டை ஒன்றை வெட்டி, மறுபடியும் அந்தக் கதவில் கட்டுவான், மறுபடியும் இறங்குவான். அவள் மறுபடியும் சன்னலில் நிற்பாள்.

"அடுத்த தடவயா?" என்றாள்.

"வேற எப்படிப் போடறது? ஓட்டறதுக்கு ஆள் இல்லையே."

வெளியே நடைவழியில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போயிற்று. அதன் சக்கர ஓசையைக் கேட்டு மூவருமே கதவைப் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் அக்கம்பக்கத்துல எல்லாரும் மொற வெச்சு வந்து புல்லுப் போட்டுடுவோம்" என்றான் கோர்டி, யாரிடம் என்று இல்லாமல். "அதுக்கப்புறம் மாடுங்க கன்னு போட ஆரம்பிச்சுடும். எல்லாருக்கும் அவங்கவங்க வேல."

"ஒரு வாரம் போதும்" என்றாள் மார்லிஸ்.

"ஒரு வாரத்துல இந்தக் கால் கூடாது, மார்லிஸ்" என்றான் ஆர்லன்.

"உன் காலப் பத்தி நான் பேசல." அவள் காலுறையணிந்த தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு கோர்டியிடம் திரும்பினாள்.

"வெள்ளைய எடுத்துட்டுப் போகும்போது நீலத்தக் கொண்டுவந்து விட்டுடு, கோர்டி. அந்த ஒரு வாரத்துக்குள்ள, பின்னாடி நின்னு தள்ளறதுக்கு ஒரு ஆளப் பாத்துக்கறேன். வண்டிய நான் ஓட்டறேன்."